தரைக்குப் போன சிமெண்டு

பெற்றவர்கள் வைத்த பேர் ஏதோ ஓர் அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். சந்தில் எல்லோருக்கும் அவர் நடுக்கம்தான். கொஞ்சம் மரியாதை மிச்சமிருப்பவர்களுக்கு நடுக்கம் அண்ணன்.

கான்கிரீட் கொட்டும்போது உள்ளே காற்று தங்கிவிடாமல் குலுக்கிவிட ஒரு மெஷின் உண்டு. வைப்ரேட்டர் என்பார்கள். பாம்பு மாதிரி நீளமாக ஒரு குழாய், அதன் நுனியில் கைத்தண்டி இரும்பு ஊசி. அதைக் கலவைக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவர் பார்த்த வேலை. மீசை அரும்பிய வயதில் பிடித்தவர், மீசை நரைத்தும் விடவில்லை. மெஷினை நிறுத்தினாலும் கை நிற்காது என்ற நிலைமை வந்த பிறகுதான் விட்டார். சோற்றுத் தட்டை மடியில் வைத்துக் குனிந்து சாப்பிடுவார். டீ கொடுத்தால் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடிப்பார். மகள் பாதி டம்ளர்தான் ஊற்றுவாள். அதிலும் கொஞ்சம் தரைக்குப் போகும்.

"மாமாவுக்கு ஒரு டீ போட்டா தரைக்கும் ஒண்ணு போட்ட மாதிரி" என்று மருமகன் சிரிப்பான். கெட்ட சிரிப்பு இல்லை. மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்து ஒண்டிக்கொண்ட மாமனாரை அவன் ஒரு நாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. டீ சிந்தினால் மகள்தான் ஓடிவந்து துடைப்பாள். அப்பாவுக்காக இல்லை, தரைக்காக.

அப்படிப்பட்ட தரை அது. முன்பெல்லாம் அந்த வீட்டில் மண்தரைதான். மழை பெய்தால் பாய்க்கு அடியில் ஈரம் ஏறும். பேத்தி பிறந்த புதிதில் அவளுக்கு எந்நேரமும் சளி, மூச்சு இழுப்பு. ஒரு நாள் மருமகன் தன் சரக்கு வண்டியில் சிமெண்டு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினான். நடுக்கமே உட்கார்ந்து கலவை சொல்லிக் கொடுத்தார். மகள் முட்டி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி இழைத்தாள். பேத்தி தவழக் கற்றுக்கொண்டது அதில்தான். சளியும் போயிற்று.

அந்த மூட்டைகள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? சந்தின் தலைமாட்டில் அரசாங்கம் ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்தது. முன்கேட் வழியாக லாரியில் வந்த மூட்டையில் ஒரு பங்கு பின்கேட் வழியாக வெளியே போனது. அதில் பெரும்பங்கு எங்கேயோ பெரிய இடங்களுக்குப் போனது. சில்லறையாக மிஞ்சியதை மேஸ்திரி சந்துக்காரர்களுக்கே கடைவிலையில் பாதிக்குத் தள்ளிவிட்டார். மருமகன் வண்டி ஓட்டினான். தொட்டி எழ எழ, சந்தில் வீட்டுக்கு வீடு தரை எழுந்தது. சாக்கையும் யாரும் வீணாக்கவில்லை. 'அரசுப் பணிக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த சாக்குகளைப் பக்கத்து வீட்டுத் தையல்காரி பிரித்து, ஒட்டுப்போட்டு, குளிக்கிற இடத்துக்கு மறைப்பாகத் தைத்துக் கொடுத்தாள். எழுத்து இருக்கிற பக்கத்தை உள்ளே வைத்துத் தைத்தாள். வெளியே போகிறவர்களுக்கு அது தெரியாது. தினமும் அம்மணமாக நின்று தண்ணீர் ஊற்றிக்கொள்கிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

இப்படி மூட்டை குறைந்தால் தொட்டி பரீட்சையில் தேறுமா என்று கேட்பீர்கள். தேறும். அதற்குத்தான் மாப்பிள்ளைக் கட்டி இருக்கிறதே.

ஒவ்வொரு தடவை கான்கிரீட் கொட்டும்போதும் அதில் கொஞ்சம் எடுத்துச் சின்ன இரும்புப் பெட்டியில் கட்டியாக வார்த்து, அதை உடைத்துப் பார்க்கச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். மேஸ்திரி அதற்கென்று ஓரமாக ஒரு தகடு போட்டுத் தனியாகக் கலக்கச் சொல்வார். ஜல்லியைக் கழுவி, மணலைச் சலித்து, சிமெண்டைக் கை தாராளமாகக் கொட்டி, வார்த்த கட்டியை நிழலில் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் இறக்கி ஊறவைத்துப் பாதுகாப்பார்கள். வேலை செய்கிற ஆட்களுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் இருக்காது, கட்டிக்கு இருக்கும். அந்த உபசாரத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் அதற்கு மாப்பிள்ளைக் கட்டி என்று பேர் வைத்தார்கள். பரீட்சைக்குப் போவது மாப்பிள்ளை. தொட்டியைத் தாங்கி நிற்பது வேறு ஆள். இது எஞ்சினியருக்குத் தெரியும், அவருக்கு மேலே இருப்பவருக்கும் தெரியும், மண் சுமக்கிறவளுக்கும் தெரியும். யாருக்கும் தெரியாத ரகசியம் என்று அந்தச் சைட்டில் ஒன்றுமே கிடையாது.

நடுக்கம் கடைசியாகப் பிடித்த வேலை அந்தத் தொட்டியைத் தாங்குகிற கான்கிரீட் கால்கள்தான். சந்துப் பக்கத்துக் கால் வார்த்த அன்று ஊசியை இறக்கினார். நல்ல கலவை ஊசியை வாங்கிக்கொண்டு ஒரே சீராக உறுமும். அன்றைக்கு அது உறுமவில்லை. ஜல்லிகள் ஒன்றோடொன்று சலசலவென்று மோதிக்கொண்டன. மேலே வெறும் தண்ணீர் மிதந்தது. அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். மறுநாள் அச்சுப் பலகை பிரித்தபோது காலில் இடுப்புயரத்துக்குத் தேன்கூடு மாதிரி பொந்து. அன்றைக்கே சிமெண்டுப் பால் குழைத்துப் பூசி மூடினார்கள். "பவுடர் போட்டாச்சு, பொண்ணு பாக்க வரலாம்" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். நடுக்கமும் சிரித்தார்.

அந்தக் கால் வார்த்த அன்று பின்கேட் வழியாகப் போன மூட்டைகள்தான் மகள் வீட்டுத் தரை.

தொட்டி முடிந்து, தண்ணீர் ஏற்ற நாள் குறித்ததும் ஓர் ஆபீசரம்மா வந்தார். லஞ்சத்தைப் பிடிக்கிற ஆபீசாம். முதலில் துளை போடுகிற மெஷினைக் கொண்டுவந்து ஒரு காலில் துண்டு அறுத்துப் போனார்கள். சோதனையில் தேறிவிட்டது. அப்புறம் அவர் தனியாக வந்து, தொட்டிக்கு அடியிலேயே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடச் சொல்லி, சந்துக்காரர்களைக் கூப்பிட்டார். நடுத்தர வயது, வெயிலில் கறுத்த முகம், குரல் கட்டியிருந்தது.

"நாளைக்கு இதுல தண்ணி ஏத்தப்போறாங்க. இது உங்க வரிப்பணம். கட்டினதுல தப்பு நடந்திருந்தா, பாத்தவங்க சொல்லுங்க. இங்க சொல்ல முடியலன்னா தனியா வந்து சொல்லுங்க."

நாற்காலிகளுக்குப் பின்னால் மேஸ்திரி தீக்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டு நின்றார். அவர் யாரையும் முறைக்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தரையைப் பார்த்ததே போதும். எல்லோருக்கும் அவரவர் வீட்டுத் தரை ஞாபகம் வந்தது.

கடைசியில் முடிவெட்டுகிறவர் எழுந்தார். சந்தே மூச்சைப் பிடித்தது.

"தண்ணி காலையில வருமா, சாயங்காலம் வருமா மேடம்?"

சிரிப்பு வெடித்தது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்விதான். பெரிய ரோட்டில் லாரி வரும்வரை குடத்தோடு காத்துக்கிடந்து, லாரி வந்ததும் மல்லுக்கட்டி, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகத் தூக்கி வருகிற சந்து அது. தையல்காரிக்கு ஒரு தடவை குடம் பட்டுப் பல் போனது. தொட்டிக்கு எதிராகப் பேசுகிறவன் அவர்களுக்குத் தண்ணீருக்கு எதிராகப் பேசுகிறவன்.

கூட்டம் கலைந்ததும் மேஸ்திரி நடுக்கத்தின் தோளில் கை போட்டார்.

"யோவ் நடுக்கம், தொட்டிக்கு ஒரு காவல்காரன் போடணும்னு சொன்னாங்க. உக்காந்த எடத்துல வேலை. கை ஆடினாலும் பரவால்ல, கண்ணு தெரிஞ்சா போதும். கான்ட்ராக்ட் முதலாளிகிட்ட உன் பேரத்தான் சொல்லியிருக்கேன்."

"நல்லதுங்க" என்றார் நடுக்கம். சொல்லிவிட்டு நடந்தார். கால் வீட்டுக்குப் போகவில்லை. ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஆபீசரம்மாவிடம் போய் நின்றது.

"அம்மா, நீங்க அறுத்துப் பாத்த காலு..."

அவர் பாட்டிலை இறக்கினார். "ஏன், அது நல்ல காலா?"

"சாரம் கட்டியிருந்த காலுங்க. நல்ல காலுக்குத்தான் சாரத்தப் பிரிக்காம விட்டு வைப்பாங்க. வர்றவங்க அதுலதான் ஏறுவாங்க."

ஆபீசரம்மா கொஞ்ச நேரம் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். "எனக்குத் தோணியிருக்கணும்" என்றார். "வெயிலு. சாரம் இருந்துச்சு. ஏறிட்டோம்."

நடுக்கம் சந்துப் பக்கத்துக் காலைப் பற்றிச் சொன்னார். ஊசி உறுமாததை, பொந்தை, பவுடர் போட்டதை. சொல்லும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தோள் ஆடியது.

"நீங்க சொல்றத நான் நம்புறேங்க. ஆனா நம்பிக்கைய வச்சு நாளைக்கு மோட்டார நிறுத்த முடியாது. அவங்க கட்டி தேறியிருக்கு, நான் அறுத்ததும் தேறியிருக்கு. இந்தக் கால அறுக்க நான் திரும்ப மேலதான் கேக்கணும். அந்தத் தொட்டி சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்தவங்க என் ஆபீசுக்கு மேல்மாடியில உக்காந்திருக்காங்க. நான் ஏறணும்னா கீழ யாராவது ஏணியப் பிடிக்கணும்."

"எப்படிப் பிடிக்கணும்?"

"சிமெண்டு வெளிய போச்சுன்னு காட்டணும். எங்க போச்சோ அதக் காட்டணும். சாக்கு, தரை, எதுவா இருந்தாலும். ஆள் தானா வந்து கதவத் திறந்து விடணும்."

"திறந்தவனுக்கு என்ன ஆகும்?"

ஆபீசரம்மா பாட்டில் மூடியைத் திருகினார். "திருட்டுச் சாமான் வாங்கினதுக்குக் கேஸ் வரும். ஏத்தினவனுக்கும் வரும். தானா முன்வந்து சொன்னாருன்னு நான் எழுதுவேன். அதுக்கு மேல என்னால சத்தியம் பண்ண முடியாதுங்கய்யா."

ஒன்றும் ஆகாது, தைரியமாக வாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் நடுக்கம் அப்படியே திரும்பி வந்திருப்பார். அப்படிச் சொன்னவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இந்த அம்மா உள்ளதைச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மருமகன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"மாமா, நீங்க ஊத்துனீங்க, நான் ஏத்துனேன், இவ தேச்சா. சந்துல யார் வீட்டுத் தரையில அது இல்ல சொல்லுங்க?"

"எல்லார் வீட்லயும் இருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"பிடிச்சா யாரப் பிடிப்பான்? முதலாளியவா? வண்டி நம்பர் என்னுது மாமா."

மகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "அந்தம்மா ஜீப்ல வந்துட்டு ஜீப்ல போயிடும்ப்பா. கவர்மெண்டுதானே கட்டுச்சு? கவர்மெண்டே பாத்துக்கட்டும். நமக்கு என்ன?"

"கவர்மெண்டு நம்மகிட்ட வந்து கேக்குதேம்மா."

"இத்தன நாள் எங்க போச்சாம் அது?"

நியாயமான கேள்வி.

"தொட்டி விழுந்துரும்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமாப்பா? என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

நடுக்கம் தன் கையைப் பார்த்தார். அது மகள் தலைவரைக்கும் போனால் அடிக்கிற மாதிரியா இருக்கும்? "தெரியாது" என்றார். "விழாதுன்னும் தெரியாது. விழுந்தா இந்தப் பக்கமாத்தான் விழும்."

மருமகன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கதவை அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினான்.

காலையில் மோட்டார் போட்டார்கள். சந்தே கீழே கூடியிருந்தது. பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அண்ணாந்து நின்றார்கள். மேலே வெறும் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம், பெரிய பானைக்குள் யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. ஆபீசரம்மா ஓரமாக நின்றார். நிறுத்தச் சொல்ல அவர் கையில் ஒன்றும் இல்லை. மேஸ்திரி அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

நடுக்கம் வீட்டில் கடப்பாரையை எடுத்தார். மருமகன் சவாரிக்குப் போயிருந்தான். மகள் வாசல்படியில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கடப்பாரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். எழுந்து தடுப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். தடுக்கட்டும் என்றுகூட ஒரு மூலையில் ஆசை இருந்தது.

"அந்த மூலையில வேணாம்ப்பா" என்றாள் அவள். "அது குழந்தை படுக்குற எடம். கதவுப் பக்கமா ஒடைங்க."

சொல்லிவிட்டுக் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டாள்.

அவர் ஓங்கினார். கை ஆட, கடப்பாரை குறி வைத்த இடத்தில் விழாமல் பக்கத்தில் விழுந்தது. தரையில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் விழுந்தது. மறுபடி ஓங்கினார். நல்ல கலவை. அந்தக் காலுக்குள் போயிருக்க வேண்டிய கலவை. லேசில் விடவில்லை. மூச்சு வாங்க, வியர்வை கண்ணில் இறங்க, கடைசியில் கதவோரத்தில் ஒரு பாளம் பெயர்ந்து வந்தது. குளிக்கிற இடத்துச் சாக்கு மறைப்பைப் பிய்த்து, பாளத்தை அதில் சுற்றித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். எழுத்து இப்போது வெளிப்பக்கம் இருந்தது.

கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் நேராகப் போய் ஆபீசரம்மாவுக்கு முன்னால் பாளத்தை இறக்கினார்.

"இது அந்தக் காலோட சிமெண்டும்மா. என் மக வீட்டுல இருந்துச்சு."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் பேசியது மேஸ்திரிதான். அவர் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"பாத்தீங்களா மேடம். சைட்டுல மூட்டை கொறையுதுன்னு நாங்க தேடிக்கிட்டே இருந்தோம். திருடன் தானா வந்துட்டான். பாருங்க கைய. காலையிலயே ஊத்திக்கிட்டு வந்திருக்கான்."

நடுக்கத்தின் கைகள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை அவர். அது சந்தில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர்கூட "இல்ல" என்று சொல்லவில்லை.

ஆபீசரம்மா போனை எடுத்துத் தள்ளிப் போய்ப் பேசினார். கத்தினார், கெஞ்சினார், மறுபடி கத்தினார். பிறகு தானே போய் மோட்டாரை நிறுத்தினார். தொட்டி பாதிக்கு நிறைந்திருந்தது. மேலே பானைக்குள் கேட்ட பேச்சு நின்றது.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் நிறுத்த விட்டிருக்காங்க" என்று நடுக்கத்திடம் சொன்னார். பிறகு சந்தைப் பார்த்துத் திரும்பினார். கட்டிய குரலில் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏற்றினார். "ஒரு வீட்டுத் தரையில இருந்தா அது திருட்டு. இவருதான் திருடன்னு முடிச்சுடுவாங்க. சந்து முழுக்க இருந்தா, இவ்வளவையும் வெளிய விட்டது யாருன்னு நான் மேல்மாடியில போய்க் கேக்க முடியும். நீங்க கதவத் திறந்தாத்தான் என்னால அந்தக் கதவத் தட்ட முடியும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

கதவுகள் சாத்துகிற சத்தம்தான் பதிலாக வந்தது. தையல்காரி மட்டும் குடத்தோடு நின்று அடித்தொண்டையில் கத்தினாள்.

"ஒங்க கை நடுங்குனா ஊரே நடுங்கணுமாண்ணே? வந்த தண்ணிய நிறுத்திட்டீங்களே! நீங்க நல்லா இருப்பீங்களா?"

மத்தியானம் வண்டி நம்பரை வைத்துத் தேடி வந்த போலீஸ், அப்போதுதான் வாசலுக்கு வந்த மருமகனை வண்டியிலிருந்தே இறக்கிக் கூட்டிப் போனது. அவனுக்கு என்ன நடந்தது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. வாசலில் நின்ற மாமனாரைப் பார்த்தான். உடைந்த தரையைப் பார்த்தான். திட்டியிருந்தால் நடுக்கத்துக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வண்டிச் சாவிய குழந்தைகிட்ட குடுத்துராதீங்க மாமா" என்றான். "வாயில வச்சுக்கும்."

மகள் சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்தாள். பாதி டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். சிந்தியதைத் துடைக்க வரவில்லை. ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோய்விட்டு, அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

மறுநாள் விடிந்ததும் நடுக்கம் தொட்டிக்கடியில் போய், சந்துப் பக்கத்துக் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காவல்காரன் வேலை கிடைக்காமலே அந்தத் தொட்டிக்குக் காவல் உட்கார்ந்துவிட்டார். ஆபீசரம்மாவின் ஜீப் சந்து முனையில் நின்றது. அவர் அதற்குள்ளேயே இரவைக் கழித்திருக்க வேண்டும், புடவை கசங்கியிருந்தது. மேஸ்திரி மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுக்கம் காலின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஈரமாகச் சில்லென்று இருந்தது. ஏதோ அதிர்கிற மாதிரி இருந்தது. கையை எடுத்தார். கை ஆடிக்கொண்டிருந்தது. மறுபடி வைத்தார். ஆடுவது கால்தானா, தன் கையா என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கன்னத்தை வைத்துப் பார்த்தார். கழுத்தும் சேர்ந்து ஆடியது. காலமெல்லாம் கான்கிரீட்டின் உள்ளே நடப்பதைக் கையால் கேட்டவருக்கு, இப்போது கேட்க வேண்டிய நேரத்தில் கையே குறுக்கே நின்றது. கட்டிக்கொண்டு அழுகிறவர் மாதிரி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, அதுகிட்ட மன்னிப்புக் கேக்குறீங்களா?"

தையல்காரி. இடுப்பில் காலிக் குடம். லாரிக்குக் கிளம்பியிருக்கிறாள்.

"இல்லம்மா. இது ஆடுதா, நான் ஆடுறேனான்னு தெரியல."

"ரெண்டும் ஒண்ணுதான், போங்க." அவள் நடந்தாள். நாலு அடி போய்த் திரும்பினாள். "நேத்து ரொம்பத் திட்டிட்டேன். பல்லு போன கோவம்."

"திட்டுனா திட்டிட்டுப் போ."

"எனக்கும் மண்ணுத்தரைதான் இருந்துச்சு, தெரியுமில்ல? மெஷின் கால் ஒரு பக்கமா எறங்கும். தையல் கோணிக்கிட்டுப் போகும். துணி குடுத்தவங்க மூஞ்சியில விட்டெறிவாங்க. தரை போட்டப்புறம்தான் நாலு பேரு நம்பித் துணி குடுக்குறாங்க. அத ஒடைன்னு சொன்னா?"

"நான் உன்ன ஒடைக்கச் சொல்லலியே."

"வாயால சொல்லல."

அவள் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். பிறகு நடுக்கம் கேட்டார். யோசித்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"உன் கை நடுங்காதுல்ல?"

"நடுங்குனா ஊசியில நூல் கோப்பேனா?"

"அப்ப நீ ஒரு தடவ வச்சுப் பாரேன்."

அவள் சிரித்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பைத்தியக்காரன் மனம் கோணாமல் நடப்பது போல வந்து காலின் மேல் கையை வைத்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. பிறகு அது இல்லை. இன்னொரு கையையும் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆடுதா?" என்றார் அவர்.

"ஆடல."

அவருக்கு மூச்சு வந்தது.

"ஆடல" என்றாள் மறுபடியும், குரலைத் தாழ்த்தி. "ஆனா உள்ள யாரோ பல்லக் கடிக்கிற மாதிரி இருக்குண்ணே. நறநறன்னு... விட்டு விட்டு..."

கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஈரப் பவுடர். அவள் கை வைத்திருந்த இடத்தில் ஒரு சில்லு பெயர்ந்து கீழே விழுந்தது. உள்ளே ஜல்லி பல் மாதிரி தெரிந்தது.

அவள் மேலே பார்த்தாள். பாதித் தொட்டித் தண்ணீர் அங்கே சத்தமில்லாமல் நின்றது. பிறகு தன் வீட்டைப் பார்த்தாள். அங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான். கையைப் புடவையில் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள். குடத்தை எடுக்காமலே நடந்து போய்விட்டாள்.

நடுக்கம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி எழுந்து மோட்டார் அறைக்குள் போய், எதையோ தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நிழல்கள் சுருங்கிக் கால்களுக்கு அடியில் ஒடுங்கின.

முதலில் தையல் மெஷினை இழுக்கிற சத்தம் கேட்டது. இரும்புக் கால் தரையைக் கீறிக்கொண்டு போகிற சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கடப்பாரை விழுந்தது. ஒரே சீரான, நடுங்காத அடி. ஒன்றின் மேல் ஒன்றாக, குறி தப்பாமல், அதே இடத்தில்.

ஜீப்பின் கதவு திறந்தது. ஆபீசரம்மா இறங்கி நின்றார். மேஸ்திரியின் வாயிலிருந்த தீக்குச்சி அசையாமல் நின்றது.

மகள் குழந்தையோடு வாசலுக்கு வந்து, அப்பாவைப் பார்க்காமல், தையல்காரி வீட்டுப் பக்கம் பார்த்தாள். அதற்கு அடுத்த வீட்டுக் கதவும் திறந்தது. முடிவெட்டுகிறவர் வெளியே வந்து நின்றார். சத்தம் போட்டுத் தடுக்க வந்தாரா, கடப்பாரையை வாங்கிப் போக வந்தாரா என்று அந்தத் தூரத்திலிருந்து நடுக்கத்துக்குத் தெரியவில்லை.